நாலு இருபதுக்குப் போட்ட தபால்

நாங்கள் தபாலை நேரத்துக்குத்தான் போட்டோம். மற்றதெல்லாம் பிறகு. முதலில் இதை எழுதிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வேறு எங்கேயும் யாரும் இதை எழுதப்போவதில்லை.

முப்பது நாள் கெடு. முப்பதாம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை நாலு இருபதுக்குத் தபால் நிலையத்தின் மூன்றாம் கவுன்டரில், இருபத்திரண்டு பக்க மேல்முறையீட்டை உறையிலிட்டு என் கையால் நீட்டினேன். அம்மா பக்கத்தில் நின்றாள். கவுன்டர்க்காரர் எடை போட்டார், கோடு கோடாக இருக்கும் ஸ்டிக்கரை ஒட்டினார், இயந்திரம் ஒரு ரசீதைத் துப்பியது. அதில் தேதி இருந்தது. மணியும் இருந்தது. நான் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். தபாலில் சேர்த்த நாள்தான் தாக்கல் செய்த நாள் என்று தீர்ப்பாயத்தின் விதியே சொல்கிறது. அப்பாடா என்று இருந்தது.

வெளியே வந்ததும் அம்மா ரசீதை வாங்கிப் பார்க்கக் கை நீட்டினாள். அவள் கை எப்போதும் ஈரமாக இருக்கும். வேலை போன பிறகும் அப்படித்தான், எதையாவது கழுவிக்கொண்டே இருப்பாள்.

"ஈரக் கையால தொடாதே!" என்று கத்தினேன். "இது போச்சுன்னா எல்லாம் போச்சு. பத்திரமா வைக்கணும், புரியுதா?"

தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா கையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, இரண்டு விரல் நுனியால் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா பத்தொன்பது வருடம் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தவள். தரை துடைப்பதோடு, வார்டுகளில் கழற்றிப் போடும் அழுக்குப் படுக்கை விரிப்புகளைச் சேர்த்து, எண்ணி, சலவை வண்டியில் ஏற்றிவிடுவதும் அவள் பொறுப்பு. ஒரு நாள் நாற்பது விரிப்பு குறைகிறது என்றார்கள். யார் கையில் கடைசியாக இருந்தது? அம்மா கையில். முடிந்தது விசாரணை.

மேற்பார்வையாளர் நல்லவர் மாதிரிதான் பேசினாராம். "ஒரு மன்னிப்புக் கடிதம் குடுத்துடு. எடுத்தேன்னுகூட எழுத வேணாம், தவறு நடந்துடுச்சுன்னு எழுது. வேற வார்டுக்கு மாத்திடுறேன்."

"எடுக்காததுக்கு எதுக்கு சார் மன்னிப்பு?" என்றாள் அம்மா.

இரண்டு வாரத்தில் நீக்க உத்தரவு வந்தது. அது போதாதென்று, ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி உட்காரும் கூண்டின் கண்ணாடியில் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டினார்கள். கீழே சிவப்பு எழுத்தில்: திருட்டுப் புகாரில் நீக்கப்பட்டவர், உள்ளே விடக்கூடாது. எங்கள் பகுதியில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அந்த வாசல் வழியாகத்தான் போகவேண்டும். எல்லோரும் பார்த்துவிட்டு வந்தார்கள். சிலர் எங்களிடம் வந்து, பார்க்கவே இல்லை என்கிற மாதிரி ரொம்ப அன்பாகப் பேசினார்கள். அதற்குப் பதில், பார்த்தேன் என்றே சொல்லியிருக்கலாம்.

அம்மாவுக்கு வேலை திரும்ப வேண்டும் என்றுகூட இல்லை. "அந்தப் போட்டோவைக் கிழிக்கச் சொல்லு, போதும்" என்றாள். அதற்காகத்தான் மேல்முறையீடு.

எழுத முப்பது நாள் எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். தீர்ப்பாய வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவர் முதல் நாளே சொன்னார்: "ரெண்டு பக்கம் போதும் பாப்பா. நடந்ததை நடந்தபடி எழுதிடலாம். இப்பவே அனுப்பிடலாம்." எனக்குச் சுருக்கென்றது. இந்த ஆள் எழுதித் தரவா நான் படித்தேன்? நானே எழுதுகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். நூலகத்தில் உட்கார்ந்து பழைய தீர்ப்புகளைத் தேடினேன். பதினொரு தீர்ப்பு கிடைத்தது. பதினொன்றையும் சேர்த்தேன். எழுதி, அழித்து, திருப்பி எழுதி, இருபத்தொன்பது நாள் ஓடிப்போனது.

தபால் போய் எட்டு மாதம் சத்தமே இல்லை. ஒன்பதாம் மாதம் ஒரு கடிதம் வந்தது. உங்கள் உறையின் மேல் உள்ள தபால் முத்திரை முப்பத்தோராம் நாளைக் காட்டுகிறது, ஆகவே மனு ஒரு நாள் தாமதம், ஆட்சேபம் இருந்தால் சான்றுடன் தெரிவிக்கவும்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. சான்றுதானே, இருக்கிறதே. "அம்மா, அந்த ரசீதை எடு" என்றேன்.

அம்மா அசையவில்லை.

"அம்மா, ரசீது."

உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து வந்தாள். என் பட்டச் சான்றிதழுக்கு அடியிலிருந்து எடுத்து வந்ததைத் தரையில் வைத்தாள். என் கையில் கொடுக்கவில்லை.

அது ஒரு கறுப்பு அட்டை. நாலு மூலையும் வழவழவென்று வெட்டி, பிளாஸ்டிக் ஒட்டி, லேமினேட் செய்த கறுப்பு அட்டை.

"என்னம்மா இது?"

"ரசீது."

அடுத்த நாளே ஜெராக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாள். என் சான்றிதழுக்கு நான் பிளாஸ்டிக் போட்டு வைத்ததைப் பார்த்தவள்தானே. ஈரக் கை பட்டாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறாள். அந்த ரசீதுத் தாள் சூட்டில் எழுத்து விழுகிற தாள். முழுத் தாளுக்கும் சூடு கொடுத்தால் முழுத் தாளும் எழுத்தாகிவிடும். இயந்திரத்தின் ஒரு பக்கம் வெள்ளையாகப் போய் மறுபக்கம் கறுப்பாக வந்திருக்கிறது.

"ஐயோன்னு கத்திட்டேன். அந்தக் கடைக்காரர்தான், ஆறினா சரியாயிடும்மான்னு சொன்னாரு" என்றாள். "நானும் வாரத்துக்கு ஒரு தடவை எடுத்து எடுத்துப் பாத்தேன். எழுத்து திரும்பி வருதான்னு."

எட்டு மாதம். நான் வேலைக்குப் போன பிறகு பெட்டியைத் திறந்து, அதை ஜன்னலில் வைத்து, எழுத்து திரும்பி வருகிறதா என்று பார்த்திருக்கிறாள். படிக்கத் தெரியாதவள். வந்திருந்தாலும் என்ன எழுத்து என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

"என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"நீ கத்துவே."

கத்தத்தான் செய்தேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுத மாட்டேன். அம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். மேற்பார்வையாளர் முன்னால்கூட அவள் தலை குனிந்ததில்லை.

தபால் நிலையத்துக்கு ஓடினேன். அதே மூன்றாம் கவுன்டர், அதே மனிதர். மூக்குக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வாரம் ஒண்ணு இப்படி வருதும்மா. நல்லா சுட்டிருக்காங்க."

"நாலு இருபதுக்குக் குடுத்தேன் சார். முத்திரைல மறுநாள் தேதி எப்படி வரும்?"

"வரும். நாலு மணிக்குப் பையைக் கட்டிடுவோம். கட்டினதும் முத்திரைல தேதியை மாத்திடுவோம். நாலுக்கு மேல வர்றதெல்லாம் நாளைக்குப் பையில போற சரக்கு, அதனால நாளைக்குத் தேதி."

"நாளே முடியாம நாளைக்குத் தேதியா?"

"முப்பது வருஷமா அப்படித்தான். ரசீதுல சரியான மணி இருக்குமே, அதைக் காட்டினா போதும்" என்றவர், கையிலிருந்த அட்டையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "ம்" என்று மேசையில் வைத்தார்.

"உங்க கணினில இருக்காதா? உறைமேல நம்பர் இருக்கு."

"கவுன்டர் கணக்கு ஆறு மாசம்தான் நிக்கும். அதுக்கப்புறம் பைக் கணக்கு மட்டும்தான். பையில என்னைக்குப் போச்சோ அதுதான் தேதி."

அவர் கெட்டவர் இல்லை. என் விண்ணப்பத்தை வாங்கி முத்திரை குத்தி, மூன்று வாரத்தில் ஒரு சான்றும் அனுப்பிவைத்தார். மேற்படி தபால் முப்பத்தோராம் நாள் பையில் அனுப்பப்பட்டது என உறுதி செய்யப்படுகிறது. எங்களுக்கு எதிராக ஒரு சாட்சியை நானே வரிசையில் நின்று வாங்கி வந்தேன்.

என் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும். ஒரு கம்பெனியில் கணினியின் முன்னால் உட்கார்ந்து பிறர் அனுப்பும் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது. படம் மங்கலாக இருந்தால் ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்ற பொத்தானை அழுத்தவேண்டும். எனக்குப் பக்கத்து இருக்கைக்காரியைவிட வேகம் அதிகம். அந்த வாரம் முழுக்க அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் கறுப்பு அட்டை ஞாபகம் வந்தது. ஆனாலும் அழுத்தினேன். நூற்றிருபது முடிக்கவேண்டுமே.

மாமா வந்து தன் பங்குக்குச் சொல்லிவிட்டுப் போனார். "பட்டம் வாங்கிப் பெட்டில வெச்சாப் போதுமா? ஒரு தபால் போடத் தெரியல. அக்கா, உன் பொண்ணு சட்டப் புத்தகத்தைக் கரைச்சுக் குடிச்சவ, கடிகாரம் மட்டும் பாக்கத் தெரியாது."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள் அம்மா. "அவ நேரத்துக்குத்தான் போட்டா. நான்தான் சுட்டுட்டேன்."

இலவச சட்ட உதவியில் எங்களுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தார். ஒரே சமயத்தில் மூன்று கட்டு காகிதத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடப்பவர். நடந்ததை நடந்தபடி சத்தியப் பிரமாணமாக எழுதி, கறுப்பு அட்டையையும் இணைத்துக் கொடுத்தோம். முப்பதாம் நாள் நாலு இருபதுக்குத் தபாலில் சேர்த்தேன் என்று நானும், பக்கத்தில் நின்றேன் என்று அம்மாவும் கையெழுத்திட்டோம். அம்மாவுக்குத் தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் சிலேட்டில் கற்றுக்கொண்டது.

முதல் விசாரணையில் நீதிபதி அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்னம்மா இருக்கு?"

"சாய்ச்சுப் பிடிச்சா தெரியும் சார்" என்றேன். உண்மைதான். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு பக்கமாகச் சாய்த்தால், அச்சு விழுந்த இடம் கொஞ்சம் வேறு மாதிரி மினுங்கும். ஒரு ஒன்றும் ஒரு ஆறும் எனக்குத் தெரியும். பதினாறு மணி, அதாவது மாலை நாலு. நான் அதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்.

நீதிபதி சாய்த்துப் பார்த்தார். அந்த அறையில் ஜன்னல் கிடையாது, குழல் விளக்குதான். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று வைத்துவிட்டார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்த தேதி கொடுத்தார்.

படிக்கட்டில் வக்கீலம்மா கட்டுகளைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். "இதோ பாருங்க. ஒரு நாள் தாமதம். ஒரே ஒரு நாள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டா எந்த நீதிபதியும் கண்ணை மூடிக்கிட்டுத் தருவாரு. அன்னைக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு எழுதுவோம். கேஸ் உள்ள போயிடும். அப்புறம் திருடினாங்களா இல்லையாங்கிறதைப் பேசலாம்."

"நாம லேட்டாவா போட்டோம்?" என்று என்னைக் கேட்டாள் அம்மா.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு மன்னிப்பு?"

"அம்மா, இது அந்த மன்னிப்பு இல்ல. இது ஒரு படிவம். இப்படித்தான் எழுதணும்."

"அவரும் அப்படித்தான் சொன்னாரு. தவறு நடந்துடுச்சுன்னு மட்டும் எழுதுன்னு."

"போட்டோவைக் கிழிக்கணுமா வேணாமா?"

நான் பேனாவின் மூடியைத் திறந்து அவள் கையில் வைத்தேன். மேற்பார்வையாளரால் வாங்க முடியாத கையெழுத்தை நான் அந்தப் படிக்கட்டிலேயே வாங்கிவிட்டேன்.

இரண்டாவது விசாரணை பத்து நிமிடம்கூட நடக்கவில்லை. ஆஸ்பத்திரியின் வக்கீல் எழுந்து இரண்டு காகிதங்களை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டார். "போன தடவை நேரத்துக்கே போட்டோம்னு சத்தியம் பண்ணாங்க. இந்தத் தடவை லேட்டுதான், உடம்பு சரியில்லன்னு சத்தியம் பண்றாங்க. ரெண்டுல எது பொய்னு அவங்களே சொல்லிட்டா நல்லது."

வக்கீலம்மா ஏதோ சொல்ல எழுந்தார். நீதிபதி கையமர்த்திவிட்டு, அம்மாவையே நேராகக் கேட்டார். "ஏம்மா, அன்னைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எல்லோரும் பார்க்க, வெட்கமில்லாமல் ஆட்டினேன்.

அவள் நீதிபதியின் பக்கம் திரும்பினாள்.

"நல்லாத்தான் இருந்தேன் சார். அங்கதான் நின்னேன். நாலு இருபதுக்கு."

யாரோ பின்னால் சிரித்தார்கள். நீதிபதி எழுதத் தொடங்கினார்.

உத்தரவு பதிவுத் தபாலில் வந்தது. மூன்று பக்கம். மனு ஒரு நாள் தாமதமாகத் தாக்கல் செய்யப்பட்டதால் தள்ளுபடி செய்யப்படுகிறது. மனுதாரர் முன்னுக்குப் பின் முரணாகப் பிரமாணம் செய்துள்ளதால் அவரது சொல் நம்பத்தக்கதன்று. இந்தக் கடைசி வரியை நான் அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை. திருடி என்று ஆஸ்பத்திரி எழுதியது. பொய்க்காரி என்று தீர்ப்பாயம் எழுதியது. முதலாவதற்கு யார் காரணமோ, இரண்டாவதற்கு நான்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள். "எடுத்தேன்னா, எடுக்கலன்னா?"

"அதைப் பத்தி ஒண்ணுமே போடலம்மா. லேட்டுன்னு மட்டும்தான்."

"அப்ப நீ எழுதின அந்த இருபத்திரண்டு பக்கம்?"

"பிரிச்சே பாத்திருக்க மாட்டாங்க."

"எனக்காவது படிச்சுக் காட்டு. நானும் இன்னும் கேக்கல" என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. இருபத்தொன்பது நாள் அவளுக்காக எழுதியதை ஒரு முறைகூட அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. கையெழுத்து வேண்டியபோது கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. சமையலறைத் தரையில் உட்கார்ந்து படித்தேன். அம்மா சுவரில் சாய்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கவனமாகக் கேட்டாள். இயற்கை நீதி, விசாரணை முறை, இன்னார் எதிர் இன்னார், அந்தத் தீர்ப்பு, இந்தத் தீர்ப்பு. படிக்கப் படிக்க என் குரல் எனக்கே யாரோ போலக் கேட்டது. ஒன்பதாம் பக்கம் முடிகிற இடத்தில் அம்மா கேட்டாள்:

"இதுல சுவரு எப்ப வரும்?"

"எந்தச் சுவரு?"

"கோடு போட்ட சுவரு. அழுக்குத் துணி ரூம் கதவுக்குப் பின்னாடி."

எனக்குப் புரியவில்லை. அம்மா தரையில் விரலால் போட்டுக் காட்டினாள். நாலு நிற்கிற கோடு, குறுக்கே ஒரு கோடு, அது அஞ்சு. அவளுக்கு எழுதத் தெரியாது, எண்ணத் தெரியும். தினமும் வண்டியில் ஏற்றுகிற விரிப்புகளைப் பென்சிலால் அந்தச் சுவரில் கோடு கோடாகப் போட்டுவைத்திருக்கிறாள். சலவை வண்டிக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு நாள் கோட்டுக்கும் பக்கத்தில் தன் கையெழுத்தைக் கிறுக்கி, தேதியும் போட்டுவிட்டுப் போவாராம். குறைந்ததாகச் சொன்ன அந்த நாளைக்கும்.

"இதை ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"சொன்னேனே. நீ அப்ப எழுதிக்கிட்டு இருந்தே. அதெல்லாம் சட்டத்துல நிக்காதும்மா, சும்மா இருன்னே."

எனக்கு அது ஞாபகமில்லை. ஆனால் நான் சொல்லக்கூடியதுதான். மனு எழுதுகிறவராக இருந்தால் கேட்டிருப்பார், என்னம்மா நடந்தது என்று. கேட்டு, இரண்டு பக்கத்தில் எழுதி, முதல் நாளே அனுப்பியிருப்பார்.

"அந்தக் கோடெல்லாம் இன்னும் இருக்குமா?"

"வருஷத்துக்கு ஒரு தடவை வெள்ளையடிப்பாங்க" என்றாள் அம்மா. "இந்த வருஷத்துக்கு இந்நேரம் அடிச்சிருப்பாங்க."

காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதால் அம்மா ஆறுதல் சொல்ல வருவாள், அதை என்னால் தாங்க முடியாது.

"என்ன நிறுத்திட்டே?" என்றாள். "மிச்சத்தையும் படி."

பதிமூன்று பக்கம் பாக்கி இருந்தது. படித்தேன்.